வில்லியம் பிட்ஸ்ஜேம்ஸ் ஓல்டம்

வில்லியம் பிட்ஸ்ஜேம்ஸ் ஓல்டம் (டிசம்பர் 15, 1854 - மார்ச் 27, 1937) அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயரும் கல்வியாளரும் ஆவார். பெங்களூரில் பிறந்த இவர் சிங்கப்பூரில் மெதடிஸ்த திருச்சபைப் பணிக்கு அடித்தளம் இட்டவர். 1886 இல் அங்கு ஆங்கிலோ-சீனப் பள்ளியை நிறுவியவர். பின்னர் தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் பேராயராகப் பணியாற்றினார். நில அளவையாளராக வாழ்க்கையைத் தொடங்கிய ஓல்டம், சிங்கப்பூரில் தொடர்ச்சியாகத் தங்கியிருந்தது ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. எனினும் அக்காலத்தில் அவர் தொடங்கிய கல்விப்பணியே அவருடைய பெயரை இன்றுவரை நிலைக்கச் செய்துள்ளது.

பிறப்பும் இளமையும்

ஓல்டம் பெங்களூரில் பிறந்தார். இவரது தந்தை பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றியவர். ஓல்டம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கல்வி கற்று, இந்திய அரசின் நில அளவைத் துறையில் பணியில் சேர்ந்தார்.

1870களின் தொடக்கத்தில் அமெரிக்க மெதடிஸ்த போதகரான வில்லியம் டெய்லர் பம்பாய், பூனா, சென்னை, பெங்களூர், கல்கத்தா முதலிய நகரங்களில் ஆங்கிலம் பேசும் மக்களிடையே சபைகளை உருவாக்கி வந்தார். ஒவ்வொரு சபையும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தன் உறுப்பினர்களின் காணிக்கையிலேயே நடைபெற வேண்டும் என்பது டெய்லரின் கொள்கை. பூனாவில் நடைபெற்ற இவ்வியக்கத்தின் கூட்டங்களில் கலந்துகொண்ட ஓல்டம் மெதடிஸ்த சபையில் இணைந்தார். உள்ளூர் மக்களின் ஆதரவைக் கொண்டே பணியை நடத்துவது என்னும் இக்கொள்கை, பிற்காலத்தில் சிங்கப்பூரில் ஓல்டம் மேற்கொண்ட செயல்களிலும் வெளிப்பட்டது.

ஓல்டம் மேரி அகஸ்டா முல்லிகன் என்பவரை மணந்தார். முழுநேர ஊழியத்திற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் பொருட்டு 1879 இல் அரசுப் பணியைத் துறந்து அமெரிக்கா சென்றார். அங்குப் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள அலிகெனி கல்லூரியில் பயின்றார். இவருடைய மனைவி மாசசூசெட்சில் உள்ள மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்வி நிலையத்தில் பயின்றார். 1884 இல் இருவரும் இந்தியா திரும்பினர்.

சிங்கப்பூர் வருகை

அக்காலத்தில் சிங்கப்பூரில் மெதடிஸ்த சபை எதுவும் இருக்கவில்லை. அங்கு வாழ்ந்த சார்லஸ் பிலிப்ஸ் என்னும் வெசுலியன் அன்பர், கல்கத்தாவில் பணியாற்றிய ஜேம்ஸ் தோபர்னுக்குக் கடிதம் எழுதிச் சிங்கப்பூரில் பணி தொடங்குமாறு வேண்டினார். 1884 இறுதியில் ஐதராபாத்தில் கூடிய தென்னிந்திய மாநாட்டில் இப்பணிக்கு ஓல்டம் நியமிக்கப்பட்டார். இந்தியாவில் பணியாற்றவே திரும்பி வந்திருந்த ஓல்டமுக்கு இந்நியமனம் எதிர்பாராதது.

தோபர்ன், அவருடைய மனைவி, ஜூலியா பாட்டி என்னும் பெண்மணி ஆகியோருடன் ஓல்டம் 1885 பெப்ரவரி 7 அன்று சிங்கப்பூரை அடைந்தார். இவர்கள் வருவதைப் பிலிப்ஸ் முன்னரே கனவில் கண்டிருந்தார் என்றும், துறைமுகத்தில் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார் என்றும் சபை வழக்கில் ஒரு செய்தி கூறப்படுகிறது. நகர மண்டபத்தில் தொடர்ந்து கூட்டங்கள் நடைபெற்றன. பெப்ரவரி 23 அன்று சபை முறைப்படி அமைக்கப்பட்டது. தோபர்ன் கல்கத்தா திரும்பிய பின்னர் பணி முழுவதும் ஓல்டமின் பொறுப்பாயிற்று. இச்சபையே இன்றைய வெஸ்லி மெதடிஸ்த தேவாலயம் ஆகும். கோல்மன் தெருவில் இயங்கிவந்த இது 1909 இல் போர்ட் கானிங் குன்றின் அடிவாரத்தில் உள்ள தற்போதைய கட்டடத்திற்கு மாறியது.

ஆங்கிலோ-சீனப் பள்ளி

முதல் சபை ஆங்கிலம் பேசுவோருக்கு உரியதாக இருந்தது. ஆனால் நகரின் பெரும்பான்மையினர் சீனர்கள். அவர்களை எவ்வழியில் அணுகுவது என்பது ஓல்டம் எதிர்நோக்கிய முதற் சிக்கல்.

சீன வணிகர்கள் சிலர் ஒரு சொற்போர்க் கழகத்தை நடத்தி வந்தனர். இவர்கள் பெரும்பாலும் நீரிணைக் குடியேற்றங்களிலேயே பிறந்த சீனர்கள். பெரனாக்கர் என அறியப்படுபவர்கள். இவர்களுடன் அறிமுகமான ஓல்டம், சமயச் சொற்பொழிவு செய்யாமல் வானியல் பற்றி விரிவுரை ஆற்றினார். சீனத் தூதரின் இல்லத்தில் இவ்விரிவுரை நடைபெற்றது. இதன் பின்னர் டான் ஜியாக் கிம் உள்ளிட்ட வணிகர்கள் தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்குமாறு ஓல்டமை வேண்டினர்.

இவ்வேண்டுகோளுக்கு வலுவான காரணம் இருந்தது. சிங்கப்பூரின் வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் முன்னேற ஆங்கிலம் இன்றியமையாததாக மாறிக்கொண்டிருந்தது. 1823 இல் நிறுவப்பட்ட ராபிள்ஸ் கல்வி நிலையம், 1852 இல் கத்தோலிக்கச் சகோதரர்கள் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்வி நிலையம் போன்றவை ஏற்கெனவே இயங்கிவந்தன. எனினும் ஆங்கிலத்தைக் கற்கும்போதே சீன மொழியையும் பிள்ளைகள் இழந்துவிடக் கூடாது என்னும் எண்ணம் இருந்தது.

1886 மார்ச் 1 அன்று அமோய் தெருவில் 70 ஆம் எண் கொண்ட கடைவீட்டில் 13 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. காலையில் சீன மொழியிலும் பிற்பகலில் ஆங்கிலத்திலும் பாடங்கள் நடத்தப்பட்டதால் இது ஆங்கிலோ-சீனப் பள்ளி எனப் பெயர் பெற்றது. சீன வணிகர்களே இதற்குப் பொருளுதவி செய்தனர். அடுத்த ஆண்டில் மாணவர் எண்ணிக்கை 104 ஆக உயர்ந்தது. இடம் போதாமையால் பள்ளி கோல்மன் தெருவிற்கு மாற்றப்பட்டது. வெளியூர் மாணவர்களுக்காக விடுதியும் தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் ஓல்டம் விடுதி என்று அழைக்கப்பட்டது.

பள்ளியின் இரு தரப்பாருக்கும் இருந்த நோக்கங்கள் ஒன்றல்ல. வணிகர்கள் நாடியது தம் மக்களின் எதிர்காலத்திற்கான ஆங்கிலக் கல்வி. சபையின் குறிக்கோள் கிறித்தவ நற்செய்தியைப் பரப்புதல். பிள்ளைகள் மதம் மாறிவிடுவரோ என்னும் அச்சம் பெற்றோரிடம் இருப்பது இயல்பு. மறுபுறம், மதம் மாறாத மாணவர்களுக்குப் பாடம் கற்பிப்பதில் ஊழியர்களின் காலம் செலவாகிறதே என்னும் கேள்வி அக்கால மிசன் வட்டாரங்களில் பரவலாக எழுப்பப்பட்டது. எம்மதத்தைச் சேர்ந்த மாணவரையும் சேர்த்துக்கொள்வது, கிறித்தவப் போதனையைக் கைவிடாமல் இருப்பது, பாடக் கல்வியில் தரத்தைப் பேணுவது ஆகிய மூன்றையும் ஒருங்கே கடைப்பிடிப்பதே பள்ளியின் வழியாக இருந்தது. உள்ளூர் மக்கள் தாமே விரும்பிப் பணம் தந்து நடத்திய பள்ளி என்பதால், ஓல்டம் நாட்டை விட்டுச் சென்ற பின்னரும் அது நின்றுவிடவில்லை.

பெண் கல்வியும் தமிழர் தொடர்பும்

ஓல்டமும் தோபர்னும் பெண் கல்விக்கென ஒரு பெண் ஊழியர் தேவை என அமெரிக்கச் சபைக்கு விண்ணப்பித்தனர். மின்னியாபோலிசு நகரின் மேரி நிண்ட் தலைமையில் சபைப் பெண்கள் இதற்கு நிதி அளித்தனர். அதன் பயனாக ஆத்திரேலியாவைச் சேர்ந்த சோபியா பிளாக்மோர் 1887 இல் சிங்கப்பூர் வந்தார்.

அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் ஷார்ட் தெருவில் இருந்த ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளுடன் பிளாக்மோர் தொடங்கியது தமிழ்ப் பெண்கள் பள்ளி ஆகும். தமிழ்த் தந்தையரின் வேண்டுகோளின் பேரில் தொடங்கப்பட்ட இப்பள்ளியே பின்னர் எல்லா இனத்தவருக்கும் உரிய மெதடிஸ்த பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூர்த் தமிழரிடையே மெதடிஸ்த சபைப் பணியும் 1887 முதல் நடைபெற்று வருகிறது.

அமெரிக்காவில் பணி

உடல்நலக் குறைவால் ஓல்டம் 1889 இல் சிங்கப்பூரை விட்டு நீங்கினார். அமெரிக்கா சென்று பிட்சுபர்க் நகரில் சபைப் போதகராகப் பணியாற்றினார். பின்னர் 1895 முதல் ஒகையோ வெசுலியன் பல்கலைக்கழகத்தில் சமய ஒப்பியலும் மிசன் வரலாறும் கற்பிக்கும் பேராசிரியராக இருந்தார். 1900 இல் திருச்சபையின் மிசன் சங்கத்தில் துணைச் செயலர் பொறுப்பை ஏற்றார்.

தென்கிழக்கு ஆசியாவின் பேராயர்

மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் பேராயர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பொது மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்களுள் மிசன் பேராயர் என்பவருக்கு அவருக்கென ஒதுக்கப்பட்ட நாடுகளில் மட்டுமே அதிகாரம் உண்டு. பொதுப் பேராயருக்கு அவ்வரம்பு இல்லை. 1904 ஆம் ஆண்டுப் பொது மாநாடு ஓல்டமைத் தெற்காசியாவின் மிசன் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், போர்னியோ, பிலிப்பீன்சு ஆகியவற்றின் பணிகளை இவர் மேற்பார்வை செய்தார்.

இதற்குள் அமோய் தெருப் பள்ளியின் முறை மலாயாவின் பல ஊர்களுக்கும் பரவியிருந்தது. பினாங்கில் 1891 இலும் ஈப்போவில் 1895 இலும் ஆங்கிலோ-சீனப் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. பெயரில் சீனம் இருப்பினும் இப்பள்ளிகளில் தமிழ் மாணவர்களும் பயின்றனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயாவின் மெதடிஸ்தப் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் பணியாற்றினர்.

பிலிப்பீன்சில் ஓல்டம் கடும் சோதனையை எதிர்கொண்டார். அந்நாடு எசுப்பானிய ஆட்சியிலிருந்து அமெரிக்க ஆட்சிக்கு மாறி ஒரு பத்தாண்டுகூட நிறைவடையாத காலம் அது. விடுதலை வேட்கை மக்களிடையே வலுவாக இருந்தது. சபை வேகமாக வளர்ந்தபோதிலும் முடிவெடுக்கும் அதிகாரம் அமெரிக்க ஊழியர்களிடமே இருந்தது. 1900 இல் குருத்துவம் பெற்ற முதல் பிலிப்பீனிய மெதடிஸ்தரான நிக்கோலாசு சமோரா, 1909 பெப்ரவரி 28 அன்று தாய்ச் சபையிலிருந்து பிரிந்து தன்னாட்சி கொண்ட பிலிப்பீனிய மெதடிஸ்த சபை ஒன்றை அமைத்தார். மணிலாவின் மெதடிஸ்தர்களுள் கணிசமானோர் அவருடன் சென்றனர். சமோரா தொடங்கிய அச்சபை இன்றும் இயங்கி வருகிறது. உள்ளூர் மக்களின் பொருளுதவியை நாடுவதோடு அவர்களின் தலைமையையும் ஏற்கவேண்டியிருக்கும் என்பதை இப்பிரிவு உணர்த்தியது.

தென் அமெரிக்காவும் இறுதிக் காலமும்

1912 இல் ஓல்டம் மிசன் பேராயர் பதவியிலிருந்து விலகி, திருச்சபையின் அயல்நாட்டு மிசன் வாரியத்தின் செயலர்களுள் ஒருவரானார். 1916 இல் பொதுப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தென் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். புவெனசு ஐரிசு நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1928 இல் ஓய்வு பெறும் வரை அப்பொறுப்பில் இருந்தார். 1937 இல் அமெரிக்காவில் காலமானார்.

எழுத்துப்பணி

ஓல்டம் எழுதிய நூல்களுள் மலாய்த் தீவுக்கூட்டத்தின் இயற்கை வளத்தையும் மக்களையும் பற்றிய 1907 ஆம் ஆண்டு நூல் ஒன்று. இதன் தலைப்பில் இடம்பெறும் மலேசியா என்னும் சொல் 1963 இல் உருவான நாட்டைக் குறிப்பதன்று. மலாய்த் தீவக்குறையும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் அடங்கிய பகுதியையே அக்கால எழுத்தாளர்கள் அவ்வாறு அழைத்தனர். இந்தியா, மலேசியா, பிலிப்பீன்சு ஆகியவற்றின் மிசன் பணிகளைப் பற்றி 1914 இல் ஒரு நூலும், தோபர்னின் வாழ்க்கை வரலாற்றை 1918 இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

மரபு

13 மாணவர்களுடன் தொடங்கிய ஆங்கிலோ-சீனப் பள்ளி இன்று சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிகள், உயர்நிலைப் பள்ளிகள், 1977 இல் தொடங்கப்பட்ட தொடக்கக் கல்லூரி ஆகியவற்றைக் கொண்ட பள்ளிக் குடும்பமாக விளங்குகிறது. சிங்கப்பூரின் பொருளாதார வளர்ச்சிக்கு வித்திட்ட அமைச்சரான கோ கெங் சுவீ இதன் முன்னாள் மாணவர் ஆவார். ஓல்டமைப் பள்ளி தொடங்கத் தூண்டியவர்களுள் ஒருவரான டான் ஜியாக் கிம், 1905 இல் சிங்கப்பூரின் முதல் மருத்துவப் பள்ளி அமைவதற்கு நிதி திரட்டியதிலும் முன்னின்றார்.

பள்ளி ஒருகாலத்தில் இயங்கிய கானிங் ரைஸ் கட்டடத்தில் இப்போது சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் உள்ளது. அங்குள்ள திரையரங்கிற்கு ஓல்டம் அரங்கு எனப் பெயரிடப்பட்டுள்ளது. பள்ளி விடுதியும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. மார்ச் 1 ஆம் நாள் ஆண்டுதோறும் பள்ளியின் நிறுவனர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.