அருகே செல்லும் ஈகை

ஈகை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது பணம். காணிக்கைப் பையிலோ உண்டியலிலோ நம்மால் இயன்றதைப் போடுகிறோம். அது நல்ல செயலே. ஆனால் கிறிஸ்தவ சமயம் ஈகைக்குக் கூறும் இலக்கணத்தில் பணம் சற்றுப் பிந்தியே வருகிறது. லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் உள்ள நல்ல சமாரியன் கதை இதை விளக்குகிறது.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற ஒருவனைக் கள்வர்கள் அடித்துக் குற்றுயிராய் விட்டுச் சென்றார்கள். அவ்வழியே வந்த ஆசாரியன் ஒருவனும் லேவியன் ஒருவனும் அவனைக் கண்டு விலகிப் போனார்கள். அடுத்து வந்தவன் சமாரியன். யூதர்கள் உறவு கொள்ளாத இனத்தைச் சேர்ந்தவன். அவனோ அருகே சென்றான். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். பணம் கொடுத்தது மறுநாள்தான். அப்போதும், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான். அருகே செல்லுதல், தேவையறிந்து செய்தல், மீண்டும் வருதல் என்னும் மூன்றும் இக்கதையில் அடங்கியுள்ளன.

நம் சிங்கப்பூரின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1887-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மெதடிஸ்ட் ஊழியர் சோஃபியா பிளாக்மோர் இங்கு வந்தார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கிய காலம் அது. அவர் வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டில், லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஷார்ட் ஸ்ட்ரீட்டில், 9 சிறுமிகளுடன் தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு இந்திய வணிகர்களும் துணை நின்றார்கள். அப்பள்ளியே பின்னர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது.

மற்றொருவர் டாக்டர் சார்லட் ஃபெர்கசன்-டேவி. ஆங்கிலிக்கன் பேராயரின் மனைவியான அவர், முன்னர் இந்தியாவில் மருத்துவப் பணி புரிந்தவர். அக்காலத்தில் பிறந்த குழந்தைகள் பல, ஓராண்டு நிறையுமுன் இறந்தன. ஆண் மருத்துவர் முன் செல்லக் கூசிய ஏழைப் பெண்கள், நோயை வீட்டிலேயே பொறுத்துக்கொண்டார்கள். மருத்துவமனை இருந்தும் அவர்களுக்குப் பயனில்லை. எனவே 1913-இல் பென்கூலன் தெருவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென ஒரு சிறு மருந்தகத்தைத் திறந்தார். 1923-இல் எர்ஸ்கின் சாலையில் 60 படுக்கைகளுடன் மருத்துவமனையும் எழுந்தது. அதுவே செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை. இன்று அந்த அமைப்பு சிமேயில் சமூக மருத்துவமனையையும், வேறு பல இடங்களில் தாதிமை இல்லங்களையும் நடத்தி வருகிறது.

இவ்விருவரும் தேவையுள்ளோர் தம் வாசலுக்கு வரட்டும் எனக் காத்திருக்கவில்லை. அவர்களைத் தடுப்பது எது எனக் கண்டறிந்து அதை நீக்கினார்கள்.

ஈசூனில் வாழும் நாம் செய்யக்கூடியதும் இதுவே. நம் அடுக்குமாடியில் தனியே வாழும் முதியவர் ஒருவர் இருக்கலாம். "என்ன வேண்டும்?" என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம் தம்பி" என்பார். கையேந்த அவருக்கு வெட்கம். அவருக்கு வந்த ஆங்கிலக் கடிதம் படிக்கப்படாமல் மேசைமேல் கிடக்கும். பலதுறை மருந்தகத்திற்குச் செல்ல வேண்டிய நாளும் தவறிப்போயிருக்கும். அரசாங்கத்தின் உதவித் திட்டங்கள் உண்டு. விண்ணப்பத்தை நிரப்பத்தான் துணையில்லை.

அங்கே நாம் நூறு வெள்ளியை நீட்டினால் அவர் கூசுவார். வணக்கம் கூறி, சற்று அமர்ந்து பேசிப் பழகினால், அவரே கடிதத்தை எடுத்து நம்மிடம் தருவார். உதவிக்கு ஈடாக அவர் நம் சமயத்தைக் கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும், உதவியைப் பிறரிடம் சொல்லித் திரிவதும் ஈகையாகா. சமாரியன் காயமுற்றவனின் குலத்தையோ சமயத்தையோ விசாரிக்கவில்லை.

ஒரு நாள் சென்று வருவது எளிது. அடுத்த வாரமும் அதே கதவைத் தட்டுவதே கடினம். திரும்பி வருவேன் என்று சமாரியன் சொன்ன சொல்லை நாமும் காப்பாற்றுவோமாக.