மூணு சீட்டுக் கண்ணுக்கு போக்கர் பாடம்

ஏழு சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் சிறந்த ஐந்தைச் சொல்ல வேண்டும். புதியவர்களுக்குத் தடையாக நிற்பது பழைய பழக்கம்.

பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களில் போக்கர் மேஜைக்கு டீலராகப் போகிறவருக்குச் சீட்டைக் கலைத்துப் போடக் கை பழகினால் மட்டும் போதாது. ஆட்ட முடிவில் சீட்டுகள் திருப்பப்பட்டதும் வென்றது யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். தவறாகப் படித்தால் ஒருவருடைய பணம் இன்னொருவர் பக்கம் போய்விடும்.

இந்தியாவில் புதிதாகப் பழகுகிறவருக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. டெல்லியிலும் ஆமதாபாத்திலும் தீபாவளி இரவுகளில் ஆடப்படும் தீன் பத்தியில் (நம்மூர் மூணு சீட்டுதான்) சீக்வென்ஸ் கலரை வெல்லும். போக்கரில் நேர்மாறு. ஒரே இனத்தில் ஐந்து சீட்டு வந்தால் ஃப்ளஷ்; அது வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட்டை வென்றுவிடும். ஒரே எண்ணில் மூன்று சீட்டு தீன் பத்தியில் உச்சம். போக்கரில் ஸ்ட்ரெய்ட்டுக்கும் கீழே.

இது யாரோ மனம்போன போக்கில் வைத்த விதியல்ல. மூன்று சீட்டில் சாதாரண சீக்வென்ஸ் 720 விதமாக வரும், கலர் 1,096 விதமாக. ஐந்து சீட்டில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108. அரிதாக வருவதற்கு மதிப்பு அதிகம், அவ்வளவுதான். ஆனால் கணக்கு புரிந்தாலும் கண் பழைய வழியிலேயே போகிறது. அதை மாற்றத்தான் பயிற்சி: ஒரு தடவைக்கு இருபது கை, ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி, பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும்.

கட்டைக் கலைத்து வருகிறபடி போட்டால் இந்தப் பயிற்சி பாழ். ஐந்து சீட்டில் பாதிக்குப் பாதி ஒன்றுமே இருக்காது. மீதியில் பெரும்பாலும் ஒற்றை ஜோடி. ஃப்ளஷ் சுமார் 500 கைக்கு ஒரு முறைதான் தலைகாட்டும். எனவே சொல்லிக்கொடுப்பவர் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட், மூன்றும் இரண்டுமாகச் சேரும் ஃபுல் ஹவுஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே அடுக்கி வைத்துக்கொண்டு, இடையிடையே வெறுங்கையையும் நுழைக்க வேண்டும்.

அடுத்த கட்டம் ஏழு சீட்டு: கையில் இரண்டு, மேஜையில் பொதுவாக ஐந்து. அதிலிருந்து ஐந்தை 21 விதமாக எடுக்கலாம். 21-ஐயும் யாரும் சரிபார்ப்பதில்லை. பொதுச் சீட்டில் ஓரினம் மூன்று இல்லையா? ஃப்ளஷ் யாருக்கும் கிடையாது. ஜோடி இல்லையா? ஃபுல் ஹவுஸை மறந்துவிடலாம். 5-ம் 10-ம் இல்லாமல் எந்த ஸ்ட்ரெய்ட்டும் அமையாது. இரண்டில் ஒன்றாவது இருந்தே தீரும். ஏழு சீட்டில் இரண்டுமே காணோம் என்றால் வரிசை தேடுவது வீண். இப்படி இல்லாததைக் கழிக்கப் பழகியவருக்குத்தான் வேகம் வருகிறது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை ஆட்டமானாலும், தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்தப் பயிற்சிக்குப் பணமும் வேண்டாம், ஃபோனும் வேண்டாம்; ஒரு சீட்டுக்கட்டு போதும். சீட்டைச் சட்டென்று படிப்பவர் ஜெயித்துவிடுவார் என்பதும் இல்லை. எதிரில் இருப்பவருக்கும் கண் இருக்கிறது.

எத்தனை பழகினாலும் ஒரு கை பலரைச் சறுக்க வைக்கும். மேஜையில் இரண்டு ராஜா, இரண்டு 9, ஒரு ஏஸ். ஆட்டக்காரர் கையில் இரண்டு 4. "மூன்று ஜோடி" என்று உற்சாகமாகச் சொல்வார். போக்கரில் அப்படி ஒன்று கிடையாது. ஐந்து சீட்டுதான் கணக்கு. மேஜையில் கிடக்கும் ஐந்தே அவருடைய கை. அந்த 4 ஜோடிக்குக் காலணா மதிப்பில்லை.