பீட்ரூட் குடித்தால் வேகமாக ஓடலாமா?

மாரத்தான் ஓடுகிறவர்கள் கூடும் இடங்களில், அடர்சிவப்புச் சாறு நிரம்பிய சின்ன பாட்டில்களை இப்போது பார்க்க முடிகிறது. பீட்ரூட் சாற்றைச் சுண்டவைத்து அடைத்தது. பந்தயத்துக்கு முன்பு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதற்காக அல்ல. அது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. பீட்ரூட்டில் இரும்புச்சத்து அப்படியொன்றும் அதிகமில்லை. ஓட்டக்காரர்கள் தேடுவது அதிலுள்ள நைட்ரேட்டை.

ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது

2007-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா கல்வி நிறுவன ஆய்வாளர்கள் சில இளைஞர்களுக்கு மூன்று நாள் சோடியம் நைட்ரேட் கொடுத்து சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். அதே உழைப்புக்கு முன்பைவிடக் குறைந்த ஆக்சிஜனே செலவானது. இன்ன உழைப்புக்கு இவ்வளவு ஆக்சிஜன் என்பது பெரும்பாலும் மாறாத கணக்கு என்று நம்பியிருந்த உடற்பயிற்சி ஆய்வுத் துறைக்கு இது புதிர்.

இரண்டு ஆண்டு கழித்து, இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் நைட்ரேட் உப்புக்குப் பதில் பீட்ரூட் சாறு கொடுத்தார்கள். நாளுக்கு அரை லிட்டர், ஆறு நாள். கடுமையான வேகத்தில் மிதித்துக் களைத்து நிற்கும்வரையான நேரம் 16 சதவீதம் நீண்டது.

விளம்பரங்களுக்குப் பிடித்த எண் இதுதான். ஆனால் களைத்து விழும்வரை மிதிப்பது வேறு, குறித்த தூரத்தைக் கடப்பது வேறு. பந்தயம்போல நேரம் பார்த்து நடத்திய சோதனைகளில் கிடைத்த ஆதாயம் பொதுவாக 1 முதல் 3 சதவீதம்தான்.

நாக்கின் பின்பகுதியில் நடக்கும் வேலை

நைட்ரேட்டை வைத்துக்கொண்டு நம் உடல் நேராக எதுவும் செய்துவிடாது. குடித்த சாறு குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கை எச்சில் சுரப்பிகள் பிரித்தெடுத்து மறுபடி வாய்க்கே அனுப்புகின்றன. அங்கே நாக்கின் பின்பகுதி மடிப்புகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த எச்சிலை நாம் விழுங்குகிறோம். அதிலிருந்துதான் நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது.

ரத்தக்குழாய்களை விரியச் செய்யும் இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்கே 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆக்சிஜன் குறைந்து, அமிலம் கூடிய இடங்களில் நைட்ரைட் எளிதில் நைட்ரிக் ஆக்சைடாக மாறும். மூச்சு வாங்க ஓடுகிறவரின் தொடைத்தசை அப்படிப்பட்ட இடம்தான்.

இதனால் ஒரு வேடிக்கையும் உண்டு. காசு கொடுத்துச் சாறு வாங்கிக் குடித்துவிட்டு, வாய் மணக்க வேண்டும் என்று கிருமிநாசினி மவுத்வாஷில் கொப்பளித்தால் அத்தனையும் வீண். பாக்டீரியா செத்தால் நைட்ரைட் ஏறாது. இதைச் சோதனையிலேயே காட்டியிருக்கிறார்கள். பல் மருத்துவர் சொல்லிப் பயன்படுத்துகிறவர்கள் நிறுத்த வேண்டாம், சாற்றை விட்டுவிடலாம்.

யாருக்குப் பலன்?

வாரத்துக்குச் சில நாள் ஓடும், மிதிக்கும் சாதாரணப் பயிற்சிக்காரர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்து உச்சத்தில் இருக்கும் வீரர்களிடம் பல ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை. அவர்கள் உடல் நைட்ரிக் ஆக்சைடைத் தானே தாராளமாகத் தயாரிக்கிறது என்பது ஒரு விளக்கம். ஒரு சதவீதத்துக்காக ஏங்குகிறவருக்கு அது கிடைப்பதில்லை. தூக்கத்தையும் பயிற்சியையும் சரிசெய்தாலே அதைவிட அதிகம் பெறக்கூடியவருக்கு இது வேலை செய்கிறது! பெண்களிடம் நடந்த ஆய்வுகளோ குறைவு.

எவ்வளவு, எப்போது?

310 முதல் 560 மில்லிகிராம் நைட்ரேட், ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து குடித்துப் பழகினால் இன்னும் உதவலாம். அளவை இரட்டிப்பாக்கிப் பார்த்த எக்ஸிடர் ஆய்வில் பலன் இரட்டிக்கவில்லை. கடைச் சாறுகளில் நைட்ரேட் அளவு பெருமளவு வேறுபடும், எண் அச்சிட்டிருந்தால் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் செய்வதானால் மண்ணும் உரமும் பொறுத்து அளவு மாறும், துல்லியம் கிடைக்காது. முளைக்கீரை, பாலக்கீரை, முள்ளங்கி எல்லாவற்றிலும் நைட்ரேட் உண்டு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பெரும்பகுதி அதோடு போய்விடும். பொரியலில் தண்ணீரைச் சுண்டவிடுவது இந்த வகையில் நல்ல வழக்கம்.

பந்தயத்தன்று முதல்முறையாகக் குடிக்காதீர்கள். சிலருக்கு வயிறு கலக்கும். சிறுநீர் சிவந்து போவதும் உண்டு. அது பீட்ரூட்டின் சாயம், ரத்தம் அல்ல.

யார் தள்ளி நிற்க வேண்டும்?

சிறுநீரகக் கல் வந்தவர்கள். பீட்ரூட்டிலும் கீரைகளிலும் ஆக்சலேட் மிகுதி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சாறு தானே அழுத்தத்தைக் குறைக்கும்.

நாள்தோறும் குடிக்கவும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு நைட்ரேட்டுக்கு வைத்த தினசரி வரம்பு உடல் எடை கிலோவுக்கு 3.7 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு 222 மில்லிகிராம். பந்தய அளவு அதைத் தாண்டிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட, ரசாயனக் கடையிலோ இணையத்திலோ உப்பாக வாங்கிக் கலந்து குடிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். சோடியம் நைட்ரேட்டும் சோடியம் நைட்ரைட்டும் பெயரில் ஓரெழுத்து வித்தியாசம்தான். பின்னது சில கிராம் போனாலே ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உயிர் போகும்.