கல் ஏன் கெட்டியாக இருக்கிறது?

தங்கத்தின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அதன் அணுக்கருக்களில் அடங்கியிருக்கிறது. அந்தக் கருவின் குறுக்களவோ அணுவின் குறுக்களவில் ஏறக்குறைய 20,000-இல் ஒரு பங்குதான். கரு ஒரு கடுகு என்றால், அணு 40 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். நிறை முழுவதும் இப்படி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்போது, பொருள் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவது எப்படி? ஒரு கல்லுக்குள் இன்னொரு கல் ஏன் புகுந்துவிடுவதில்லை?

இந்தக் கேள்வியை எழுப்பிய சோதனை இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1909-இல் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டலில் ஹான்ஸ் கைகரும் 20 வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் உலோகத் தகடுகள் மீது நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்பா துகள்களைச் செலுத்தினார்கள். மெல்லிய தங்கத் தகட்டில் பெரும்பாலான துகள்கள் தடையே இல்லாததுபோல் ஊடுருவிச் சென்றன. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. பிளாட்டினத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 8,000-க்கு ஒன்று. மின்னூட்டமும் நிறையும் ஒரு சிறு கருவுக்குள் குவிந்திருந்தால்தான் இது நடக்கும் என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு காட்டினார். அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்ற பேச்சு அங்கிருந்து பரவியது.

அந்த முடிவு எதற்குப் பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆல்பா துகள் எலெக்ட்ரானைவிட 7,000 மடங்குக்கு மேல் கனமானது. வினாடிக்கு 15,000 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பாய்வது. வழியில் உள்ள எலெக்ட்ரான்களால் அதைத் திசைதிருப்ப முடியாது. அணு வெறுமையாக இருப்பது அந்தத் துகளுக்குத்தான். மெதுவாக வந்து முட்டும் இன்னோர் அணுவுக்கு அது வெறுமை அல்ல.

எலெக்ட்ரானைக் கோள்போலக் கருவைச் சுற்றும் குட்டி உருண்டையாக வரைவது பாடநூல் வழக்கம். இந்தப் படம்தான் பெரும் குழப்பத்துக்குக் காரணம். பழைய இயற்பியலின்படி அப்படிச் சுற்றும் மின்னூட்டம் ஒளியாக ஆற்றலை இழந்து, ஒரு வினாடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கருவில் விழுந்துவிட வேண்டும். உலகில் ஓர் அணுகூட மிஞ்சியிருக்காது. 1920-களில் உருவான குவாண்டம் இயற்பியல் இதைச் சரிசெய்தது. அணுவுக்குள் எலெக்ட்ரான் ஒரு புள்ளியில் இருப்பதில்லை. அலைபோல அணுவெங்கும் பரவியிருக்கிறது. அதைச் சிறிய இடத்தில் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் ஏறிக்கொண்டே போகும். கரு உள்ளே இழுக்கிறது. நெருக்கினால் ஏறும் ஆற்றல் அதை எதிர்க்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் அணுவின் அளவு நிலைபெறுகிறது. ஹைட்ரஜனில் அந்த ஆரம் ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் அரைப்பங்கு.

ஆக, அணு முழுவதும் எலெக்ட்ரான் மேகம் நிறைந்திருக்கிறது. இரண்டு மேகங்கள் நெருங்கும்போது நடப்பது என்ன? எலெக்ட்ரான்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று விலக்குகின்றன என்பதே வழக்கமான விடை. இது பாதி விடைதான். அணுவுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் கிடையாது. ஓர் அணுவின் எலெக்ட்ரான்கள் மற்றதன் எலெக்ட்ரான்களை விலக்கும் அளவுக்கு அந்த மற்ற அணுவின் கருவால் ஈர்க்கப்படவும் செய்கின்றன. சற்றுத் தள்ளியிருக்கும் இரண்டு அணுக்கள் உண்மையில் ஒன்றையொன்று மெல்ல இழுக்கவே செய்கின்றன. வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு எனப்படும் இதை நம்பித்தான் பல்லி சுவரில் ஏறுகிறது. அதன் பாதத்து மயிரிழைகள் பல கிளைகளாகப் பிரிந்து சுவரோடு மிக நெருக்கமாகப் படிவதால், சிறு ஈர்ப்புகள் கூடி அதன் எடையைத் தாங்குகின்றன.

மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கே செயல்படுவது 1925-இல் வுல்ஃப்காங் பௌலி கண்டறிந்த தவிர்க்கைத் தத்துவம். இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது. ஆர்பிட்டால் எனப்படும் ஒரு மேக வடிவில் எதிரெதிர் தற்சுழற்சி கொண்ட இரண்டுக்கு மட்டுமே இடம், மூன்றாவதற்கு இல்லை. இடங்கள் நிரம்பிய இரண்டு அணுக்களை நெருக்கினால், மேகங்கள் படியும் இடத்தில் எலெக்ட்ரான்கள் ஆற்றல் மிகுந்த நிலைகளுக்கு ஏறியாக வேண்டும். அந்த ஆற்றலைத் தர வேண்டியது நெருக்கும் கைதான். தூரம் சற்றே குறைந்தாலும் தேவைப்படும் ஆற்றல் செங்குத்தாக ஏறும். விரல் மேசையில் உணரும் எதிர்ப்பு முதன்மையாக இதுவே. அணுக்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டரின் சில பத்து லட்சத்தில் ஒரு பங்கு தூரத்தில் அது தலைகாட்டும்.

1986-இல் கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் ஆகியோர் உருவாக்கிய அணுவிசை நுண்ணோக்கி இதை அளக்கிறது. மிகக் கூர்மையான முனையைப் பரப்பின் அருகே கொண்டுபோனால், முதலில் இழுப்பும் பிறகு சட்டென்று தள்ளலும் தெரிகின்றன. அந்த விசையைப் புள்ளி புள்ளியாகப் பதிவுசெய்து பரப்பின் படத்தைப் பெறுகிறார்கள்.

கல்லின் பருமனுக்கே காரணம் பௌலியின் தத்துவம்தான் என்பதை 1931-இல் பௌலிக்கு லோரென்ட்ஸ் பதக்கம் வழங்கிய விழாவில் பால் எரன்ஃபெஸ்ட் எடுத்துரைத்தார். அதைக் கணித முறையில் உறுதிசெய்ய மேலும் 36 ஆண்டுகள் ஆயின. மின்விசையும் குவாண்டம் விதிகளும் மட்டும் இருந்தால் பெரும்பொருள் நிலைக்காது, தவிர்க்கைத் தத்துவமும் வேண்டும் என்று 1967-இல் ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் நிறுவினார்கள். 1975-இல் எலியட் லீப், வால்ட்டர் திரிங் இருவரும் அந்த நிரூபணத்தை எளிதாக்கினார்கள். தவிர்க்கைத் தத்துவம் இல்லாத உலகில் இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்தால் அவை ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கி, அணுகுண்டுக்கு நிகரான ஆற்றலை வெளியிடும் என்பது டைசன் சுட்டிய விளைவு. தங்கத்தின் 79 எலெக்ட்ரான்களும் கருவை ஒட்டிய ஒரே நிலையில் குவிந்துகிடக்கும். வேதியியல் என்று ஒன்றே இருக்காது.

இடம் கொடாமை மட்டுமே திடத்தன்மை ஆகிவிடாது. தண்ணீரும் எளிதில் அமுங்காது. கடலில் 4 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில்கூட அதன் கன அளவு 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சுருங்கும். ஆனாலும் அது ஓடுகிறது. கல் தன் வடிவத்தை விடாமல் இருப்பதற்குக் காரணம் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. இடம் காலியாக உள்ள அணுக்கள் நெருங்கும்போது எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு பிணைகின்றன. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு எல்லாத் திசையிலும் இறுகப் பிணைந்திருக்கிறது. கிராஃபைட்டில் அதே கார்பன் தாள்தாளாக அடுக்கியிருக்கிறது. தாள்களுக்கு இடையிலான பிடிப்பு மிகத் தளர்வானது. பென்சில் தாளில் எழுதுவதும் வைரம் கண்ணாடியைக் கீறுவதும் இந்த வேறுபாட்டால்தான்.

கையைத் தடுக்கும் இதே பொருள் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. கண்ணாடியில் உள்ள எலெக்ட்ரான்களை மேல்நிலைக்கு ஏற்றக் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் போதாது. ஆகவே ஒளி கடந்துபோகிறது. நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு மின்னூட்டமே கிடையாது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் சுமார் 6,500 கோடி, பூமியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒவ்வொரு வினாடியும் கடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பூமியைத் துளைத்து மறுபக்கம் போய்விடுகின்றன.

கைவிசை என்ன, மலையின் எடைகூட அணுக்களை ஒன்றுக்குள் ஒன்று நொறுக்கப் போதாது. விண்மீனின் ஈர்ப்புக்கு அது முடியும். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கும்போது அணுக்கள் உருக்குலைந்து, கருக்களும் கட்டற்ற எலெக்ட்ரான்களும் மிஞ்சுகின்றன. அந்த எலெக்ட்ரான்களின் தவிர்க்கை அழுத்தமே மேற்கொண்டு சுருங்காமல் காக்கிறது. வெண்குறு விண்மீன் எனப்படும் அதில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் ஒரு டன் அளவுக்குக் கனக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், இந்தத் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு என்று கணக்கிட்டார். எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது எதிர்ப்பு ஈடுகொடுக்காது. சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எந்த வெண்குறு விண்மீனும் தாங்காது. அந்தப் பணியையும் உள்ளடக்கி 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எல்லை கடந்தால் எலெக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து நியூட்ரான்களாகி, சூரியனைவிடக் கனமான விண்மீன் சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கக்கூடும். அங்கே நியூட்ரான்களின் தவிர்க்கையும், மிக நெருக்கத்தில் அணுக்கரு விசை காட்டும் விலக்கமும் தாங்கி நிற்கின்றன. அதற்கும் சூரிய நிறையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் ஒரு வரம்பு இருப்பதாக இன்றைய கணிப்பு. அதையும் தாண்டினால் ஈர்ப்பை எதிர்க்க எதுவும் இல்லாமல் விண்மீன் கருந்துளையாகிவிடுகிறது.