துரு போகட்டும், கத்தியும் கண்ணும் இருக்கட்டும்



செம்பனைக் குலை வெட்டும் அரிவாளும் பால் வெட்டும் கத்தியும் நமக்குச் சோறு போடும் கருவிகள். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்தால் போதும், துரு ஏறிவிடும். உடனே யாராவது, "கக்கூஸ் கழுவுற ஆசிட்டை ஊத்துப்பா, நொடியிலே போயிடும்" என்பார்கள். அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

ஆசிட் துருவோடு நிற்காது. நல்ல எஃகையும் அரிக்கும். விளிம்பு பள்ளம் பள்ளமாகும். அதன் புகை மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும். துணி வெளுக்கும் மருந்தோடு சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். கண்ணில் தெறித்தால் கசக்காமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாணை மெஷினில் அழுத்தித் தேய்ப்பதும் தப்பு. விளிம்பு நீலம் பாய்ந்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது.

சரி, என்னதான் செய்வது?

1. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணையும் பாலையும் கழுவுங்கள்.

2. லேசான துருவை எண்ணெய் தொட்ட இரும்பு நாரால், கத்தியின் முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாகத் தேயுங்கள். எதிர்ப்பக்கம் தேய்த்தால் கை போகும்.

3. கெட்டியான துரு என்றால், பிளாஸ்டிக் வாளியில் சமையல் வினிகர் ஊற்றி ஓர் இரவு ஊற வையுங்கள். நாள்கணக்கில் விடாதீர்கள், வினிகரும் இரும்பை அரிக்கும்.

4. ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, மெஷின் எண்ணெய் பூசுங்கள். பூசாவிட்டால் மறுநாளே துரு திரும்பி வரும்.

இன்னொன்று. துருப்பிடித்த கத்தி வெட்டினால்தான் டெட்டனஸ் ஜன்னி வரும் என்று நினைக்கிறோம். காரணம் துரு அல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி. பளபளக்கிற கத்தி வெட்டினாலும் வரலாம். காயத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆழமான, அழுக்குக் காயமாக இருந்து, கடைசியாக ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தால், "சின்ன வெட்டுதானே" என்று இருந்துவிடாமல் கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள்.

கையுறைக்கும் கண்ணாடிக்கும் நம் சம்பளத்தில் கை வைக்க முடியாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்க வேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

கத்தி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். கண் போனால் எங்கே தீட்டுவது?