பூட்டை வெட்டிய பின் ஐந்து நிமிடம்

அமெரிக்காவில் வீட்டில் இடம் போதாதவர்கள் மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்துச் சாமான்களைப் போட்டு வைப்பது பரவலான வழக்கம். வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள் கொண்ட இத்தகைய வளாகங்கள் அந்நாட்டில் 50,000-க்கு மேல் இருக்கின்றன. வீடு மாறியவரின் சோபா, விவாகரத்தானவரின் பாதிக் குடித்தனம், இறந்துபோன தாயின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். வாடகை நின்றுபோனால் சாமான்களின் மீது வளாக உரிமையாளருக்கு உரிமை உண்டாகிறது. முறைப்படி அறிவிப்பு அனுப்பி, கெடு முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டுப் பாக்கியை எடுத்துக்கொள்ள மாநிலச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. கலிபோர்னியாவில் 14 நாள் வாடகை பாக்கி விழுந்தாலே முதல் அறிவிப்பை அனுப்பலாம்.

ஏலத்தன்று பூட்டை வெட்டி ஷட்டரைத் தூக்குவார்கள். வந்திருப்பவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது, எந்தப் பெட்டியையும் திறக்கக் கூடாது. டார்ச் வெளிச்சத்தை மூலைக்கு மூலை ஓட்டிச் சில நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். பழகியவர்கள் பொருளைவிட அடுக்கியிருக்கும் விதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரே அளவுப் பெட்டிகள் பெயர் எழுதி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால், சாமானை மதித்த ஒருவர் வைத்துவிட்டுப் போனது என்று பொருள். கறுப்புக் குப்பைப் பைகள் குவிந்து கிடந்தால் அவசரத்தில் வீட்டைக் காலி செய்தது. தூசு மேலே கனமாகவும் ஓரிடத்தில் மட்டும் கலைந்தும் இருந்தால், நல்லதை யாரோ ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டார்கள்.

இந்தச் சில நிமிடங்களையே முதலாக வைத்து 2010 டிசம்பர் 1 அன்று ஏ அண்ட் இ சேனலில் தொடங்கியது ‘ஸ்டோரேஜ் வார்ஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஏலம் விடுபவர்கள் டான் டாட்சன், லாரா டாட்சன் தம்பதி. ஏலம் கேட்பவர்களுக்கு வாசலில் ஐந்து நிமிடம். மறு ஆண்டு ஜூலையில் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். டெக்சாஸ், நியூயார்க், கனடா என்று கிளைகளும் முளைத்தன. பழைய மெத்தையையும் அட்டைப் பெட்டிகளையும் பார்க்க இத்தனை பேர் உட்கார்ந்தது ஏன் என்பதற்கு, உளவியலும் பொருளாதாரமும் இந்த நிகழ்ச்சிக்கு முன்பே விடை வைத்திருந்தன.

ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-ல் ஆவலுக்கு ஒரு விளக்கம் தந்தார். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் மனிதருக்கு ஆவல் எழுவதில்லை. கொஞ்சம் தெரிந்து, மிச்சம் தெரியாமல் இருக்கும்போதுதான் அந்த இடைவெளி மனத்தை அரிக்கிறது. மூடிய ஷட்டர் யாரையும் பெரிதாக இழுப்பதில்லை. முன்வரிசை தெரிந்து பின்வரிசை மறைந்திருக்கும் அறைதான் இழுக்கிறது. அதற்குள் ஓர் இரும்புப் பெட்டியின் மூலை மட்டும் தெரிந்தால் போதும்.

2003-ல் வெளியான ஒரு நரம்பியல் ஆய்வு இன்னும் உள்ளே போகிறது. குரங்குகளுக்கு ஒரு சைகை காட்டி, பிறகு பழச்சாறு கொடுத்தும் கொடுக்காமலும் விட்டார்கள். சாறு நிச்சயம் வரும் என்றாலும், நிச்சயம் வராது என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் நரம்பணுக்கள் பெரும்பாலும் அமைதியாக இருந்தன. வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான் அவற்றின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறி உச்சத்தைத் தொட்டது. பெட்டியைத் திறக்கப் போகும் நொடியில் விளம்பர இடைவேளை விடுகிற தொகுப்பாளர் அனுபவத்தில் கண்டுகொண்டதும் இதைத்தான். பார்வையாளர் அந்த இடைவேளையில் தானும் ஒரு விலை சொல்லிப் பார்க்கிறார். அவர் பையிலிருந்து காசு போவதில்லை. கணிப்பு சரியாக இருந்தால் பெருமை மட்டும் மிஞ்சுகிறது. நிகழ்ச்சியின் ஈர்ப்பில் பெரும்பங்கு இந்தச் செலவில்லாத சூதாட்டம்தான் என்று தோன்றுகிறது.

நிஜமாகக் கேட்பவரின் நிலை வேறு. 1971-ல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் ஒரு புதிரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் கடலடி நிலத்தை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை. காரணம் எளியது. அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருவர் குறைத்து மதிப்பிடுவார், ஒருவர் கூட்டி மதிப்பிடுவார். ஏலமோ, எல்லாரிலும் அதிகமாகக் கூட்டி மதிப்பிட்டவர் கையில்தான் போய் விழும். இதற்கு ‘வென்றவரின் சாபம்’ என்று பெயர். பேசர்மேன், சாமுவேல்சன் இருவரும் 1983-ல் வெளியிட்ட சோதனையில் 8 டாலர் மதிப்புள்ள ஜாடிகளைக் காட்டி மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். மாணவர்களின் மதிப்பீட்டுச் சராசரி 5.13 டாலர், அதாவது உண்மையைவிடக் குறைவு. ஆனால் ஏலத்தை வென்ற தொகையின் சராசரி 10.01 டாலர். கூட்டமாகப் பார்த்தால் அடக்கமானவர்கள். வென்றவர் மட்டும் பணத்தை இழந்தார். பொதுவான ஆனால் தெரியாத மதிப்புள்ள பொருளின் ஏலத்தைக் கணித முறையில் விளக்கிய ராபர்ட் வில்சனும், அவருடைய மாணவர் பால் மில்க்ரோமும் 2020-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சேமிப்பறை ஏலம் அந்த வகைக்கு அசலான எடுத்துக்காட்டு. போட்டியாளர்கள் கூடக் கூடத் தன் விலையைக் குறைத்துக்கொள்வதே அறிவு என்று அந்தக் கணிதம் சொல்கிறது.

வாசலில் நிற்பவர்கள் நேர்மாறாகத்தான் நடக்கிறார்கள். 2008-ல் மொரிசியோ டெல்காடோவும் சகாக்களும் ஏலம் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, ஏலத்தில் தோற்பது ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் இழப்பாகவே பதிவதைக் கண்டார்கள். அந்தப் பதிவு யாரிடம் வலுவாக இருந்ததோ அவர்தான் அதிகமாக ஏற்றிக் கேட்டார். கையில் 15 டாலரைக் கொடுத்து, தோற்றால் இதைத் திருப்பித் தர வேண்டும் என்று சொன்னபோது விலை இன்னும் ஏறியது. எதிராளி முகத்தெதிரே நிற்க, ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் தொகையை அடுக்கிக்கொண்டே போகும் இடத்தில் நிதானத்துக்கு நேரம் ஏது?

புதையல் கதைகள் பொய்யும் அல்ல. 1977-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நீர்மூழ்கியாக மாறும் லோட்டஸ் கார், 1989-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ளே பார்க்காமலே வாங்கிய ஒரு கொள்கலனில் கிடைத்தது. 2013-ல் லண்டனில் 5,50,000 பவுண்டுக்கு ஈலான் மஸ்க் அதை வாங்கினார். நடிகர் நிக்கலஸ் கேஜ் வீட்டிலிருந்து 2000-ல் திருடுபோன, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய காமிக்ஸ் இதழ் 2011-ல் கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட ஒரு சேமிப்பறையில் கிடைத்து, அதே ஆண்டு 21.6 லட்சம் டாலருக்கு விலை போனது. சுலபமாக நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக எண்ணிக்கொள்ளும் மனப்போக்கை ட்வெர்ஸ்கியும் கானமேனும் 1973-லேயே விளக்கியிருக்கிறார்கள். துணி மூட்டையும் உடைந்த நாற்காலியும் நிறைந்த அறை யார் நினைவிலும் நிற்பதில்லை. அதைக் காலி செய்ய லாரி வாடகையும் குப்பைக் கட்டணமும் ஏலம் எடுத்தவர் தலையில்தான். நிகழ்ச்சியில் வந்த டேவ் ஹெஸ்டர், விலையுயர்ந்த பொருள்களைத் தயாரிப்பாளர்களே அறைகளில் வைத்ததாக 2012 டிசம்பரில் வழக்குப் போட்டார். நிகழ்ச்சி கருத்துரிமைப் பாதுகாப்புக்குள் வருகிறது என்று நீதிமன்றம் அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. மீதி 2014-ல் சமரசத்தில் முடிந்தது.

கேமரா காட்டாத ஆள் வாடகைதாரர். அவர் யாராக இருக்கலாம் என்பதற்கு விவியன் மையர் போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்தபடி, பல பத்தாண்டுகள் தெருக்களில் படமெடுத்த பெண். முதுமையில் வாடகை கட்ட முடியாமல் போக, 2007-ல் சிகாகோவில் அவருடைய அறைச் சாமான்கள் ஏலம் போயின. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். 2009-ல் இறந்தார். ஏலம் போன பெட்டிகளிலிருந்து வெளிவந்த நெகட்டிவ்கள் ஒரு லட்சத்துக்கு மேல். இன்று அவர் 20-ஆம் நூற்றாண்டின் முக்கியமான தெருப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார். அந்தப் புகழில் ஒரு துளியும் அவர் காதுக்கு எட்டவில்லை.

நிகழ்ச்சி பிரபலமானதும் நிஜ ஏலங்களுக்குப் புதியவர்கள் திரண்டு வந்தார்கள். விலை ஏறியது, லாபம் சுருங்கியது. இப்போது பல ஏலங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. வளாக மேலாளர் வாசலில் நின்று எடுத்துப் போடும் சில படங்களே காட்சி, ஏலம் நாள்கணக்கில் திறந்திருக்கும். பாக்கி போக மிஞ்சும் தொகை கலிபோர்னியச் சட்டப்படி வாடகைதாரருக்கே சேர வேண்டும். ஏலம் முடிவதற்குள் அவர் வந்து பாக்கியைக் கட்டிவிட்டால் ஏலம் ரத்தாகிறது.