ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிச் சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்துக்கு அருகே, வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று. வெளியே பிசுபிசுவென்று தூறல். வாசல் மணியை அடிக்க வேண்டாம். பின்பக்கக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஓசைப்படாமல் உள்ளே வாருங்கள். ஆனால் வீட்டு அம்மாளிடம் மட்டும் இப்போது பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். கலியாண வீட்டில் சாம்பார் அண்டாவை இறக்கப் போகிற தவசிப்பிள்ளையிடம் போய் யாராவது ஊர் வம்பு அளப்பார்களா?

அந்த அம்மாளின் கவலைக்குக் காரணம் மேஜை மேல் இருக்கிறது. விலா எலும்போடு கூடிய மாட்டிறைச்சி, ஒரே துண்டமாக 5 பவுண்டு. அதாவது சுமார் இரண்டேகால் கிலோ. வீட்டுச் செலவுப் பணத்தில் பெரிய பங்கை விழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாதது போல் உட்கார்ந்திருக்கிறது. சரியாக ஒரு மணிக்கு வீட்டுக்காரரும் குழந்தைகளும் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அடுத்த தெருவிலிருந்து மாமியாரும் வருகிறார். நம் ஊர் மாமியார் என்றால் உப்புப் போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். அந்த ஊர் மாமியார் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, 'ரொம்ப நன்றாயிருந்தது அம்மா' என்று புன்னகை செய்வார். எது கொடுமை என்று நீங்களே சொல்லுங்கள்!

நேயர்களில் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களும் இருப்பீர்கள். அந்தப் பேச்சே ஆகாதவர்களும் இருப்பீர்கள். ஆகாதவர்கள் அப்படி ஜன்னல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். உருளைக்கிழங்கு வரும்போது கூப்பிடுகிறேன்.

இங்கிலீஷ்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை 'ரோஸ்ட் பீஃப்' என்பது நமக்குப் பண்டிகை நாளில் வடை பாயசம் மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கு வைத்த கேலிப் பெயரே 'ரோஸ்பீஃப்' என்பதுதான். இவர்களுக்கோ அதில் கோபமே கிடையாது, பெருமை! ஹோகார்த் என்ற ஓவியர் பிரான்ஸில் கலே துறைமுகத்தின் கோட்டை வாசலைப் படம் வரைந்து கொண்டிருந்தபோது உளவாளி என்று பிடித்து வைத்துவிட்டார்கள். ஊர் திரும்பியதும் மனிதர் 1748-ல் ஒரு படம் எழுதிப் பழி தீர்த்துக் கொண்டார். ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டத்தை ஒருவன் சுமந்து போகிறான். மெலிந்து போன பிரெஞ்சுச் சிப்பாய்கள் அதைப் பார்த்து ஏங்குகிறார்கள். பழி வாங்குவதற்குக்கூட அவருக்கு அகப்பட்ட ஆயுதம் அதுதான்.

இடுப்புப் பக்கத்து இறைச்சிக்கு 'ஸர்லாயின்' என்று பெயர். 1617-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் லங்காஷயரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்துண்டபோது, ருசியில் மயங்கி உடைவாளை உருவி அந்த இறைச்சிக்கே 'ஸர்' பட்டம் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். ரசமான கதைதான், ஆனால் கட்டுக்கதை. இடுப்புக்கு மேற்பக்கம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபே அது. பிரெஞ்சுக்காரன் பெயர் வைத்த இறைச்சி என்று ஒப்புக்கொள்வதைவிட, ராஜா பட்டம் கொடுத்தார் என்பது சௌகரியம் அல்லவா?

சரி, அம்மாள் வேலையைத் தொடங்கிவிட்டாள். இறைச்சியை ஒரு மணி நேரம் முன்னதாகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். ஜில்லென்று அப்படியே அடுப்பில் தள்ளினால் மேலே கருகி நடுவில் பச்சையாக நிற்கும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, மேலேயுள்ள கொழுப்பின்மீது கடுகுப் பொடியும் கொஞ்சம் மாவும் தூவுகிறாள். மசாலா? அவ்வளவுதான், ஐயா! பட்டை, கிராம்பு, இஞ்சி, பூண்டு என்று நாம் பட்டியல் படித்தால் அவள் மயக்கம் போட்டு விழுவாள்.

மணி பத்து ஐம்பத்தைந்து. ஓவன் 240 டிகிரிக்குக் கொதித்துக் காத்திருக்கிறது. இறைச்சி உள்ளே போகிறது. முதல் இருபது நிமிஷம் அந்த அகோரச் சூடு. பிறகு 190-க்கு இறக்கி, பவுண்டுக்குப் பதினைந்து நிமிஷம் வீதம் எழுபத்தைந்து நிமிஷம். கூட்டிப் பாருங்கள்: பன்னிரண்டரைக்கு வெளியே வரும். மேற்புறம் பழுப்பாகவும் நடுவில் ரோஜா நிறமாகவும் இருக்கும். இந்த நிறம் பிடிக்காதவர்கள் பதினைந்து நிமிஷம் கூட்டிக் கொள்வார்கள்.

முதலில் எதற்கு அவ்வளவு சூடு? வெளிப்புறம் இறுகி அடைத்துக்கொண்டு சாற்றை உள்ளேயே பூட்டி வைக்கிறது என்று 1847-ல் லீபிக் என்ற ஜெர்மன் ரசாயன மேதை எழுதிவிட்டார். அவர் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. எடை போட்டுப் பார்த்தால் பூட்டுமில்லை, சாவியுமில்லை. சாறு எப்படியும் ஒழுகத்தான் செய்கிறது. சூடு வேண்டியது ருசிக்காக. நல்ல சூட்டில் இறைச்சியிலுள்ள புரதமும் சர்க்கரையும் கூடிப் பழுப்பேறி மணக்கின்றன. 1912-ல் மய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய சங்கதி இது. நம் வீட்டுத் தோசையின் முறுகல் ஓரத்திலும், வறுத்த காப்பிக் கொட்டையிலும் நடப்பதும் அதேதான்.

உண்மையில் ஓவனில் வைப்பது 'ரோஸ்ட்' அல்ல என்று பழைய காலத்துக்காரர்கள் சண்டைக்கே வருவார்கள். அந்தக் காலத்தில் இரும்புக் கம்பியில் இறைச்சியைக் கோத்து, திறந்த நெருப்புக்கு முன்னால் மணிக்கணக்காகச் சுற்றுவார்கள். சுற்றுவதற்குச் சிறுவர்கள், பிறகு அந்த வேலை நாய்க்கு வந்தது. குட்டைக் கால், நீண்ட உடம்பு. சுவரில் உயரத்தில் மாட்டிய சக்கரத்துக்குள் அது ஓட ஓட, கம்பி சுற்றும். வாசனையை முகர்ந்துகொண்டே ஓட வேண்டும், வாய் வைக்க முடியாது! இயந்திரம் வந்து அந்த நாய்களை ஓய்வெடுக்க வைத்தது. அந்த ஜாதியே மறைந்துவிட்டது. வேல்ஸ் நாட்டில் அபர்கவென்னி அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த ஒன்று மட்டும் கண்ணாடிக்குள் நிற்கிறது.

வீட்டில் ஓவன் இல்லாத ஏழைகள் என்ன செய்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக் கடை அடுப்பு சும்மாத்தானே இருக்கும்? கோயிலுக்குப் போகிற வழியில் இறைச்சித் தட்டைக் கடையில் கொடுத்துவிட்டு, பூஜை முடிந்து திரும்பும்போது சூடாக வாங்கிக் கொண்டு போனார்கள்.

பேசிக் கொண்டிருந்ததில் பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. உருளைக்கிழங்கைத் தோலுரித்துப் பத்து நிமிஷம் வேகவைத்தாயிற்று. அம்மாள் நீரை வடித்து, மூடி போட்டுப் பாத்திரத்தை நன்றாகக் குலுக்குகிறாள். கிழங்கின் ஓரமெல்லாம் சிராய்ந்து மாவு மாவாக ஆகிறது. அந்தச் சிராய்ப்புதான் பின்னால் மொறுமொறுப்பு. புகைகிற கொழுப்பில் அவற்றைப் புரட்டி, இறைச்சிக்குப் பக்கத்திலேயே உள்ளே தள்ளுகிறாள். ஜன்னல் ஓரத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும். அது மாட்டுக் கொழுப்பு. உங்களுக்கு முட்டைக்கோஸ்தான். அதுவும் வெறும் உப்பு நீரில் வெந்தது, தாளிப்பதாவது ஒன்றாவது!

இனித்தான் கண்டம். யார்க்‌ஷயர் புட்டிங்! பெயரைப் பார்த்து இனிப்பு என்று ஏமாறாதீர்கள். முட்டை ஒரு தம்ளர், பால் ஒரு தம்ளர், மைதா ஒரு தம்ளர், உப்பு ஒரு சிட்டிகை. ஆப்ப மாவுப் பதத்துக்கு அடித்துக் காலையிலேயே வைத்துவிட்டாள். பன்னிரண்டரைக்கு இறைச்சி வெளியே வந்ததும் ஓவன் சூட்டை 220-க்கு ஏற்றி, குழித் தட்டில் கொழுப்பைப் புகையக் காய்ச்சி, மாவை ஊற்ற வேண்டும். 'சொய்ங்' என்ற சத்தம் கேட்கவில்லையென்றால் காரியம் கெட்டது. மாவிலுள்ள நீர் ஆவியாகி மேலே தூக்க, முட்டையும் மாவும் வெந்து சுவராக இறுகும். இறுகுவதற்குள் கதவைத் திறந்தால் அத்தனையும் பொத்தென்று அமுங்கிவிடும். 4 அங்குலத்துக்குக் குறைந்தால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று 2008-ல் பிரிட்டிஷ் ரசாயன சங்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. விஞ்ஞானிகளுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள். அது அந்த நாட்டில் மான விஷயம்.

1747-ல் ஹன்னா கிளாஸ் அம்மையார் எழுதிய சமையல் புத்தகத்திலேயே இதற்குச் செய்முறை இருக்கிறது. அப்போது சுழலும் இறைச்சிக்குக் கீழே தட்டை வைத்து, சொட்டுகிற கொழுப்பிலேயே வேக வைப்பார்கள். இதில் ஒரு தந்திரமும் உண்டு. யார்க்‌ஷயர் வீடுகளில் இதை முதலிலேயே குழம்போடு பரிமாறிவிடுவது வழக்கம். வயிறு பாதி நிரம்பிய பிறகு இறைச்சி வந்தால், சிறிய துண்டமே பத்துப் பேருக்குக் காணும். விருந்தாளி கூடினால் ரசத்தில் ஒரு செம்பு நீர் சேர்க்கிற நம் பாட்டிமாரின் கெட்டிக்காரத்தனம் அங்கும் இருந்திருக்கிறது.

இந்த மாமியாருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார். யுத்த காலத்தில் குடும்பம் நடத்தியவர். 1940 மார்ச்சில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. பின்னர் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸ் பெறுமான இறைச்சி என்று குறைந்தது. வீட்டிலுள்ள அத்தனை பேர் கூப்பனையும் சேர்த்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதோ ஒரு துண்டம். யுத்தம் முடிந்த பிறகும் தீரவில்லை; 1954 ஜூலை 4-ந் தேதிதான் இறைச்சிப் பங்கீடு ஒழிந்தது. அந்தப் பதினாலு வருஷமும் தட்டை நிரப்பிக் காட்டியது புட்டிங்தான்.

இன்னொரு சோதனை பிற்பாடு வந்தது. மாட்டுப் பித்து நோய் இறைச்சி மூலம் மனிதரையும் தாக்கியிருக்கலாம் என்று 1996 மார்ச்சில் அரசாங்கமே பார்லிமெண்டில் அறிவித்தபோது நாடே கதிகலங்கியது. 1997 டிசம்பரிலிருந்து இரண்டு வருஷம் எலும்போடு மாட்டிறைச்சி விற்பது குற்றம் என்று சட்டம் இருந்தது. இப்போது மேஜை மேல் இருக்கிற விலாத் துண்டத்தை அன்று வெளிப்படையாக வாங்கியிருக்க முடியாது.

அதோ பாருங்கள், வெந்த இறைச்சியைத் தொடாமல் அப்படியே மூடி வைத்திருக்கிறாள். அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும். சூட்டோடு சூடாக அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த நேரத்தில் தட்டில் தேங்கிய கொழுப்பை வடித்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி, ஒரு கரண்டி மாவு தூவி, முட்டைக்கோஸ் வெந்த நீரை விட்டுக் குழம்பு காய்ச்சுகிறாள்.

தொட்டுக்கொள்ள 'ஹார்ஸ்ராடிஷ்' என்ற காரமான வேர். துருவிக் காடியும் பாலேடும் சேர்ப்பார்கள். மூக்கில் ஏறிக் கண்ணீர் வரவழைக்கும். சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இந்த வேர் கிடைக்காமல் தவித்து, கடைசியில் கண்டுபிடித்தது எதைத் தெரியுமா? நம் முருங்கை வேரை! இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நெடி. அதனால்தான் முருங்கைக்கு இங்கிலீஷில் 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாம்பாரில் மிதக்கிற முருங்கைக்காய்க்கு இப்படி ஓர் உறவு!

பன்னிரண்டு ஐம்பது. சின்னப் பையன் ஓவன் கதவின் கைப்பிடியை நோக்கிப் போகிறான். "தொடாதே!" என்று அம்மாள் போட்ட கூச்சலில் கையில் இருந்த கரண்டி கீழே விழுகிறது. பையன் விறைத்து நின்றுவிட்டான். கதவு திறக்கவில்லை.

ஒரு மணிக்கு வீட்டுக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார். இரண்டரை மணி நேரம் அடுப்போடு போராடியவள் ஒருத்தி. மெல்லியதாக நாலு துண்டு அறுத்துவிட்டுப் பாராட்டு வாங்கிக்கொள்கிறவர் இன்னொருவர். இது எந்த நாட்டிலும் ஒரே கதைதான் போலிருக்கிறது. நன்றாக வெந்த ஓரத் துண்டு மாமியாருக்கு, நடுத்துண்டு குழந்தைகளுக்கு. மிஞ்சுவது நாளைக்கு. திங்கட்கிழமை துணி துவைக்கிற நாளாக இருந்த காலத்தில் சமைக்கப் பொழுதேது? ஆறிய இறைச்சியும் ஊறுகாயும்தான். மிஞ்சிய கிழங்கையும் கோஸையும் பிசைந்து வறுத்தால் அது வேறொரு பலகாரம்.

அம்மாள் தன் தட்டை இன்னும் தொடவில்லை. மாமியார் மெதுவாக மென்று கொண்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு புட்டிங்குக்காகத் தட்டை நீட்டுகிறார்.